ஐந்து நட்சத்திரம் சரி, எத்தனை வருடம் உழைக்கும்?

வாங்கிய முதல் வாரத்தில் அநேகமாக எல்லா மிக்ஸியும் நல்ல மிக்ஸிதான். ஜார் பளபளவென்று இருக்கும், சட்னி மைய அரையும், சத்தம்கூட அவ்வளவாகத் தெரியாது. அந்த உற்சாகத்தில், ‘பொருள் எப்படி இருக்கிறது?’ என்று போனில் வரும் கேள்விக்கு ஐந்து நட்சத்திரத்தைத் தட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். கப்ளர் தேய்வது, ஜாரின் அடியில் கசிவது, மோட்டாரில் கருகல் வாடை வருவது, “அந்த மாடலுக்கு இப்போ ஸ்பேர் வர்றதில்ல சார்” என்று சர்வீஸ் சென்டரில் கைவிரிப்பது எல்லாம் பிற்பாடு நடப்பவை. அப்போது யாரும் திரும்பிப் போய்ப் பழைய மதிப்பீட்டைத் திருத்துவதில்லை.

மதிப்பீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் போலி மதிப்பீடுகளைத்தான் பெரிய ஆபத்தாகச் சொல்வார்கள். ஆபத்துதான், மறுப்பதற்கில்லை. ஆனால் என்னைக் கேட்டால், வாங்குபவரை அதிகம் ஏமாற்றுவது பொய்யைவிட அவசரம்தான். காசு கொடுத்து வாங்கிய உண்மையான ஆள் மனதாரத்தான் எழுதுகிறார், ஆனால் நாலாம் நாளே எழுதிவிடுகிறார். நமக்கு வேண்டிய தகவலோ இரண்டாம் வருடத்தில் இருக்கிறது. எனவே எந்த விமர்சனத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இவர் இந்தப் பொருளை எவ்வளவு காலம், எதற்காகப் பயன்படுத்தினார்? இதைச் சொல்வதற்கு இவருக்கு யாராவது காசு கொடுக்கிறார்களா?

சராசரிக்குள் ஒளிந்திருப்பது

இரண்டு மிக்ஸிகள், இரண்டுக்கும் 4.2 நட்சத்திரம், இரண்டுக்கும் நூறு பேர் மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு 80 பேர் ஐந்து கொடுத்திருக்கிறார்கள், 20 பேர் ஒன்று. கூட்டிப் பார்த்தால் 420, சராசரி 4.2. இரண்டாவதற்கு 30 பேர் ஐந்து, 60 பேர் நான்கு, 10 பேர் மூன்று. அதுவும் 420தான். எண் ஒன்றுதான், பொருள் வேறு. முதல் மிக்ஸியை வாங்கினால் ஐந்தில் ஒருவருக்குத் தலைவலி. இரண்டாவதை வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிய பூரிப்பு இல்லை, யாரும் வயிறெரியவும் இல்லை. தினமும் சமையல் நடக்கும் வீட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் வாங்குவேன்.

அதனால் சராசரி எண்ணைப் பார்த்ததும் நின்றுவிடாமல், அதைத் தட்டினால் விரியும் பட்டைகளைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரப் பட்டையும் ஒற்றை நட்சத்திரப் பட்டையும் நீளமாக, நடுவில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று. தொழிற்சாலையிலிருந்து வரும் பொருளின் தரம் ஒரே சீராக இல்லை, அல்லது ஐந்து நட்சத்திரங்களில் ஒரு பகுதி காசுக்கு வந்தவை.

ஒற்றை நட்சத்திரங்களையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அவற்றில் கணிசமானவை பொருளைப் பற்றியவையே அல்ல. கூரியர் தாமதம், டப்பா நசுங்கிப் போனது, கறுப்பு கேட்டால் சிவப்பு வந்தது, நேற்று வாங்கினேன் இன்று விலை குறைந்துவிட்டது. இதெல்லாம் விற்பனையாளர் மீதான கோபம், மிக்ஸி என்ன செய்யும்? ‘ஒரே வாரத்தில் செத்துவிட்டது’ என்று எழுதியிருப்பார் ஒருவர். பாரம் அதிகமானால் மோட்டாரைக் காப்பாற்றுவதற்காகத் தானே நின்றுவிடும் ஓவர்லோடு பட்டன் மிக்ஸியின் அடியில் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டால் மறுபடி ஓடும் என்பது அவருக்குத் தெரியாமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் முப்பது பேர் வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு வார்த்தைகளில் ‘ஜார் அடியில் ஒழுகுகிறது’ என்று எழுதியிருந்தால் அது மிக்ஸியின் குணம்தான். ஒரு புகார் எவ்வளவு காரமாக இருக்கிறது என்பதைவிட எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் கணக்கு.

நேரம் குறைவு என்றால் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களை மட்டும் படியுங்கள். காசு வாங்கி எழுதுபவரும் கோபத்தில் எழுதுபவரும் மூன்று கொடுக்க மாட்டார்கள். ‘நன்றாகத்தான் அரைக்கிறது, ஆனால் சின்ன ஜாரில் மிளகு கொஞ்சமாகப் போட்டால் பிளேடுக்கு எட்டவில்லை’ என்று எழுதுகிறவர் மூன்று நட்சத்திரக்காரர்தான். அடுத்து, மதிப்பீடுகளைப் புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்துங்கள். மூன்று வருடத்துக்கு முன் நன்றாக இருந்த மாடலில் இன்று உள்ளே வேறு மோட்டார் இருக்கலாம். பிறகு, தேடும் கட்டத்தில் ‘சர்வீஸ்’, ‘வாரண்டி’, ‘மந்த்ஸ்’, ‘இயர்’ போன்ற சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். எட்டு மாதம் கழித்து வந்து எழுதிய அந்தச் சிலரை இந்தச் சொற்கள்தான் பிடித்துக் கொடுக்கும்.

இப்போது கடைத் தளங்களே எல்லா மதிப்பீடுகளையும் செயற்கை நுண்ணறிவால் சுருக்கி நாலு வரியில் மேலே போடுகின்றன. ‘வாடிக்கையாளர்கள் இதன் வடிவமைப்பையும் விலையையும் விரும்புகிறார்கள்’ என்கிற பாணியில் இருக்கும். அவசரத்துக்கு உதவும். ஆனால் முதல் வாரத்தில் எழுதிய ஆயிரம் பேரைச் சுருக்கினால் முதல் வாரத்தின் சுருக்கம்தான் கிடைக்கும்.

நம் வீட்டு நிலைமைக்கு ஒத்துவருமா?

டெல்லியில் ஒருவர் அதே மிக்ஸியில் மாம்பழ ஷேக்கும் தக்காளி மசாலாவும் அடித்துவிட்டு ‘அருமை’ என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இங்கே அதில் இட்லி மாவு அரைக்கிறோம், காய்ந்த மிளகாயும் மல்லியும் பொடிக்கிறோம், தேங்காய்ச் சில்லை அப்படியே போடுகிறோம். மோட்டார் படும் பாடு முற்றிலும் வேறு. வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர்தான் முக்கியம். போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் ஓடும் மெஷினின் ஆயுளும் ஆற்றுத் தண்ணீரில் ஓடுவதன் ஆயுளும் ஒன்றாக இருக்காது. உப்புப் படிந்து ஹீட்டர் போவதைப் பற்றி நல்ல தண்ணீர் வரும் ஊர்க்காரருக்கு எழுத ஒன்றுமே இருக்காது.

அதனால் ‘இட்லி’, ‘மாவு’, ‘போர் வாட்டர்’, ‘ஹார்ட் வாட்டர்’ போன்ற சொற்களைப் போட்டும் தேடிப் பார்ப்பது நல்லது. தமிழில் அல்லது தங்கிலீஷில் ‘சூப்பர் ப்ரோ, ஆனா சவுண்டு ஜாஸ்தி, கொழந்த எந்திரிச்சிடுது’ என்று யாரோ எழுதிய ஒற்றை வரி, பக்கம் பக்கமாக எழுதப்பட்ட ஆங்கில விமர்சனத்தைவிட நமக்கு உபயோகமானது.

நட்சத்திரமே இல்லாத நல்ல பொருட்களும் உண்டு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்றது. அந்த ஊரில் அதைச் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகளின் பெயர்களைப் பெரிய ஆன்லைன் கடைகளில் பார்ப்பது அரிது. மதிப்பீடு இல்லை என்றால் பொருள் மட்டம் என்று ஆகிவிடாது, விசாரிக்க வேண்டிய இடம் வேறு, அவ்வளவுதான்.

காசுக்கு வரும் நட்சத்திரங்கள்

‘சரிபார்க்கப்பட்ட கொள்முதல்’, ‘சான்றளிக்கப்பட்ட வாங்குநர்’ என்றெல்லாம் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் அவர் அந்தத் தளத்தில் அந்தப் பொருளை வாங்கினார் என்பது மட்டும்தான் உறுதி. எந்தக் காசில் வாங்கினார் என்பது அதில் தெரியாது. இந்த வியாபாரம் டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது. நீங்கள் உங்கள் பணத்தில் வாங்க வேண்டும், ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுத வேண்டும், ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும். யுபிஐ வழியாகப் பணம் திரும்பி வந்துவிடும், பொருள் உங்களுக்கே. தளத்தின் கண்ணுக்கு இது நேர்மையான கொள்முதல். இன்னும் எளிய வகை, டப்பாவுக்குள் வரும் சின்ன அட்டை: ஐந்து நட்சத்திரம் போட்டால் நூறு ரூபாய். அந்த அட்டையைக் கண்டால் அந்தப் பொருளின் மற்ற ஐந்து நட்சத்திரங்கள் எப்படி வந்திருக்கும் என்பது புரிந்துவிடும். (இதே தொழிலை வேஷமாகப் போட்டு ஏமாற்றும் கூட்டமும் இருக்கிறது. ‘வீட்டிலிருந்தபடியே ஹோட்டல்களுக்கு ரேட்டிங் போடுங்கள், தினமும் சம்பாதியுங்கள்’ என்று அழைத்து, முதலில் ஐம்பது, நூறு என்று கொடுத்து, பிறகு லட்சக்கணக்கில் கறந்துவிடும். சைபர் கிரைம் போலீஸார் அலுக்காமல் எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.)

இது நம் ஊர் விஷயம் மட்டுமல்ல. 2019-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷன், பிறருடைய விற்பனைத் தளத்தில் காசு கொடுத்துப் போலி மதிப்பீடு போடவைத்ததற்காக ஒரு நிறுவனத்தின் மீது முதன்முதலாக நடவடிக்கை எடுத்தது. அந்த நிறுவனம் அமேசானில் விற்றது எடை குறைக்கும் மாத்திரை. அதன் மூலப்பொருள் கேரளத்தில் மீன் குழம்புக்குப் போடும் குடம்புளிதான். வேடிக்கை என்னவென்றால், எந்த எண் வேண்டும் என்பதில் நிறுவனத்தின் உரிமையாளர் தெளிவாக இருந்தார். சராசரி 4.3 இருந்தால்தான் விற்கும் என்று மதிப்பீடுகளை ஏற்பாடு செய்பவரிடம் கணக்காகச் சொல்லியிருந்தார். நாம் எந்த எண்ணைப் பார்த்தால் மயங்குவோம் என்பது விற்பவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு தந்திரம் கொஞ்சம் நுட்பமானது. நன்றாக விற்று ஆயிரக்கணக்கில் நல்ல மதிப்பீடு சேர்ந்த பழைய பொருளின் பக்கத்தில், புதிய பொருளை அதன் இன்னொரு ‘வகை’ என்று சேர்த்துவிடுவது. பழையதன் நட்சத்திரங்கள் முழுவதும் புதியதன் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வைட்டமின் மாத்திரைகள் விற்கும் பவுண்டிஃபுல் என்ற அமெரிக்க நிறுவனம் இப்படிச் செய்ததாக அதே கமிஷன் குற்றம்சாட்டி, 2023-ல் 6 லட்சம் டாலர் கட்டவைத்தது. மிக்ஸிக்கு இதன் பொருள் என்ன? 500 வாட்ஸ் மாடலுக்கு வந்த மதிப்பீடும் 750 வாட்ஸ் மாடலுக்கு வந்ததும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கலாம். ஒவ்வொரு மதிப்பீட்டின் தலையிலும் எந்த வகை, எந்த நிறம் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் படிப்பது வீண் வேலை.

நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் மதிப்பீடுகளை நான் படிப்பதே இல்லை. நான்கு நட்சத்திரத்துக்குக் குறைந்த மதிப்பீடுகளைத் தன் தளத்தில் வெளியிடாமல் நிறுத்திவைத்ததாக ஃபேஷன் நோவா என்ற துணிக்கடை மீது வந்த வழக்கு 2022-ல் 42 லட்சம் டாலரில் முடிந்தது. வீட்டுக்காரரே வாசலில் எழுதி மாட்டும் பாராட்டுப் பலகைக்கு அவ்வளவுதான் மதிப்பு.

போலியைக் கண்டுபிடிக்கச் சொல்லப்படும் பழைய உபாயங்களில் சில இப்போது பலிப்பதில்லை. தப்பும் தவறுமான ஆங்கிலம் இருந்தால் போலி என்பார்கள். இன்று போலிகள்தான் பிழையே இல்லாமல் எழுதுகின்றன, செயற்கை நுண்ணறிவு புண்ணியத்தில். இன்றும் உதவுகிறவை சில உண்டு. ஒரே வாரத்தில் ஐந்து நட்சத்திரங்கள் கொத்தாக வந்து இறங்குவது. பொருளின் முழுப் பெயரையும் வாட்ஸையும் மாடல் எண்ணையும் விளம்பரத்தில் இருக்கிறபடியே எழுதுவது. வீட்டில் யாரும் ‘மிக்ஸி’ என்பதற்கு மேல் சொல்வதில்லை. எழுதியவரின் பெயரைத் தட்டிப் பார்த்தால், அவர் போன் கவர், புரோட்டீன் பவுடர், நாய் பெல்ட் என்று எல்லாவற்றுக்கும் ஐந்து கொடுத்து, எல்லாமே ‘மஸ்ட் பை’ என்று எழுதியிருப்பது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் சந்தேகம்தான். இரண்டு மூன்று சேர்ந்தால் அந்த மதிப்பீட்டை விட்டுவிடலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. விற்பனையாளர் தானே நுகர்வோர் வேஷம் போட்டுத் தன் பொருளுக்கு மதிப்பீடு எழுதக் கூடாது என்று 2020-ல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. மதிப்பீடுகளை எப்படிச் சேகரிக்க வேண்டும், எப்படிச் சரிபார்த்து வெளியிட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. ஆனால் விரும்புகிற தளங்கள் பின்பற்றலாம் என்கிற அளவில்தான் அது வந்தது. ஆகவே படிப்பவர்தான் விழிப்பாக இருந்தாக வேண்டியிருக்கிறது.

வீடியோ பார்த்து வாங்குகிறவர்களுக்கு

தமிழில் பொருட்களைப் பிரித்துக் காட்டும் சேனல்களுக்குப் பஞ்சமே இல்லை. டப்பாவைத் திறப்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டப்பா திறப்பது விமர்சனம் ஆகாது. பொருள் நிறுவனத்திடமிருந்து இலவசமாக வந்ததா, காசு கொடுத்து வாங்கியதா, திருப்பிக் கொடுக்க வேண்டியதா என்பதை அவர் சொல்கிறாரா என்று முதலில் கவனியுங்கள். சொல்ல வேண்டியது அவர் கடமை. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பணம், பரிசு, இலவசப் பொருள், தள்ளுபடி என எது வாங்கியிருந்தாலும் தெரிவிக்க வேண்டும். அதையும் கீழே குறிப்புப் பெட்டியில் ஒளித்துவைக்காமல், வீடியோவிலேயே எழுத்திலும் பேச்சிலும் தெரிவிக்க வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவர் மீது 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

கீழே கொடுக்கப்படும் ‘வாங்கும் லிங்க்’ பற்றி ஒரு வார்த்தை. அதன் வழியாக வாங்கினால் அவருக்குச் சின்னக் கமிஷன் போகும். அதனாலேயே அவர் பொய்யர் ஆகிவிட மாட்டார். நியூயார்க் டைம்ஸ் 2016-ல் வாங்கிய வயர்கட்டர் என்ற விமர்சனத் தளம் முக்கியமாக இந்தக் கமிஷனில் வளர்ந்ததுதான், ஆனாலும் பொருட்களை வரிசையாக வைத்துச் சோதித்துத்தான் எழுதுகிறது. கமிஷன் வாங்குகிறவரிடம் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எதையாவது ‘வாங்காதீர்கள்’ என்று அவர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? சேனல் முழுக்கத் தேடியும் ஒரு பொருளைக்கூட அவர் கைவிடவில்லை என்றால் அது கடையின் இன்னொரு கிளை. மாறாக, ‘ஆறு மாதம் கழித்து’ என்று அதே பொருளோடு திரும்பி வந்து பேசுகிறவரைக் கண்டால் சேனலைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பார்வைகள் குறைவாகத்தான் இருக்கும், கவலைப்பட வேண்டாம்.

‘இந்த ஆண்டின் தலைசிறந்த பத்து மிக்ஸிகள்’ வகைப் பட்டியல்களுக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டியதில்லை. பத்தில் ஒன்றைக்கூடத் தொடாமல், டப்பாவில் அச்சிட்டதையே திருப்பி எழுதுவதுதான் வழக்கம். சொந்தமாக எடுத்த ஒரு படம், சொந்தமாக அளந்த ஒரு அளவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மூடிவிடுங்கள்.

சோதித்துச் சொல்லும் அமைப்புகள்

அமெரிக்காவில் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் 1936-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. சோதிக்கும் பொருளைச் சாதாரண வாடிக்கையாளர்போலக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறது, பொருட்களுக்கான விளம்பரம் போடுவதில்லை. பிரிட்டனில் ‘விச்?’ 1957-ல் தொடங்கியது. ஜெர்மனியில் ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் 1964-ல் அரசின் முயற்சியால் உருவானது. அங்கே அதன் மதிப்பெண் நன்றாக வந்துவிட்டால் நிறுவனங்கள் அதைப் பொருளின் மேலேயே அச்சிட்டுக்கொள்கின்றன. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கன்சூமர் ரிப்போர்ட்ஸின் கருத்துக்கணிப்பு. தன் உறுப்பினர்களிடம், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருட்கள் பழுதானதா, எப்போது, எதனால் என்று கேட்டு, எந்த பிராண்டு எவ்வளவு நம்பகமானது என்று கணிக்கிறது. நாம் தேடும் இரண்டாம் வருடத் தகவல் அதுதான்.

இந்தியாவிலும் முயற்சிகள் உண்டு. டெல்லியின் கன்சூமர் வாய்ஸ் பொருட்களை ஒப்பிட்டுச் சோதித்து எழுதுகிறது. அகமதாபாத்தில் 1978-ல் தொடங்கிய நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் சொந்தச் சோதனைக்கூடமே வைத்தது. ஆனால் சோதனைக்குப் பணம் வேண்டும், காலம் வேண்டும். சோதித்து முடிப்பதற்குள் கடையில் அந்த மாடலுக்குப் பதில் வேறு மாடல் வந்து நிற்கும். வெளிநாட்டு அமைப்புகளின் முடிவுகளை நம்புவதிலும் சிக்கல் இருக்கிறது. பெயர்ப் பலகை ஒன்றாக இருந்தாலும் அங்கே விற்கும் மாடல் வேறு, இங்கே விற்பது வேறு. மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை ஒத்துப்போனால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில விஷயங்களுக்கு விமர்சனமே வேண்டாம், லேபிள் போதும். ஃபிரிட்ஜ் வருடத்துக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்பதை எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர லேபிளே சொல்லிவிடும். ஏ.சி.யின் லேபிளில் இருக்கும் யூனிட் கணக்கு வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போடப்பட்டது, அதாவது தினம் 8 மணி நேரம் வீதம் 200 நாள். சென்னையில் அதற்கு மேல் ஓட்டுகிறவர்கள் அந்த விகிதத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும். நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவதால் லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டையும் பாருங்கள். பழைய ஐந்து நட்சத்திரம் புதிய அளவுகோலில் நான்கோ மூன்றோ ஆகியிருக்கலாம்.

பாதுகாப்பை ஒருபோதும் மதிப்பீடுகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதன் பிறகும் தரநிலைக்கு உட்படாத குக்கர்கள் ஆன்லைனில் விற்றுக்கொண்டுதான் இருந்தன. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, அப்படி விற்ற குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் திருப்பித்தரச் சொன்னது. அமேசான் விஷயத்தில் மட்டும் 2,265 குக்கர்கள். சாதம் குழையாமல் வருகிறதா என்று வாங்கியவர் சொல்ல முடியும், சேஃப்டி வால்வு சரியான அழுத்தத்தில் திறக்குமா என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே இருக்கும் உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் அது உண்மையானதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் வருடத்தைப் பார்த்தவர்கள்

கடைசியில் நாம் போய் நிற்க வேண்டிய இடம் தெருமுனை மெக்கானிக் கடை. அவர் முதல் வாரத்து மிக்ஸியைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அவரிடம் கேட்கும் கேள்வியைக் கொஞ்சம் யோசித்துக் கேட்க வேண்டும். “எந்தக் கம்பெனி நல்லதுண்ணே?” என்றால் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவார். “எது அதிகமா ரிப்பேருக்கு வருது?” என்பதும் சரியான கேள்வி இல்லை. ஊரில் அதிகம் விற்கும் பிராண்டுதான் அதிகம் ரிப்பேருக்கும் வரும், அது அந்தப் பொருளின் குற்றமாகாது. “எந்த மிக்ஸியில ரெண்டு வருஷத்துக்குள்ளயே ஆர்மேச்சர் போகுது? எதுக்கு ஜாரும் கப்ளரும் சுலபமா கிடைக்குது? உங்க வீட்டுல என்ன வெச்சிருக்கீங்க?” இந்த மூன்றைக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் விலைமதிப்பில்லாதது. அவருக்கும் சாய்வு உண்டு. பிரிக்கச் சுலபமான, உதிரிபாகம் மலிவாகக் கிடைக்கும் மெஷினைத்தான் அவர் நல்லது என்பார். நமக்கும் அதுதானே வேண்டும்?

உதிரிபாகக் கடைக்காரரையும் மறந்துவிடாதீர்கள். எந்த ஜார் வேகமாக விற்கிறது, எந்த மாடலின் சாமானைக் கேட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

வாங்குவதற்கு முன் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள். விமர்சனம் படிப்பதில் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பொருளை ஏற்கெனவே வைத்திருப்பவர்போல, “சின்ன ஜார் வேணும், இருக்கா, எவ்வளவு?” என்று கேளுங்கள். வாஷிங் மெஷின் என்றால் பிசிபி போர்டின் விலை, எத்தனை நாளில் ஆள் வருவார். போனையே எடுக்கவில்லை என்றால் வாங்கிய பிறகும் எடுக்கப்போவதில்லை. உங்கள் ஊரில் சென்டரே இல்லாமல் பக்கத்து மாவட்டத்திலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்றால் பெரிய பிராண்டாக இருந்தாலும் யோசிக்க வேண்டிய விஷயம். ‘மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால், மற்ற பாகங்களுக்கு எத்தனை வருடம், ஆள் கூலி யார் தருவது என்பதை அட்டையின் சின்ன எழுத்தில் தேடுங்கள்.

உறவினர்களிடம் கேட்பது நல்ல வழிதான், ஒரு எச்சரிக்கையோடு. நாற்பதாயிரம் கொடுத்து வாங்கியதைத் தன் வாயால் மட்டம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. “நல்லா இருக்கா அத்தை?” என்று கேட்டால் நல்லா இருக்கு என்பார்கள். “இது போச்சுன்னா மறுபடி இதையே வாங்குவீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள், அரை நொடி தயக்கத்தில் பதில் வந்துவிடும்.

ஷோரூமில் பிராண்டு பெயர் போட்ட டி-ஷர்ட்டில் நிற்கும் தம்பி பெரும்பாலும் அந்தக் கடையின் ஊழியர் அல்ல. அந்த நிறுவனம் சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கும் புரமோட்டர். அவர் பேசுவது விளம்பரம், அதில் தப்பொன்றும் இல்லை. கதவைத் திறந்து மூடிப் பார்க்கவும் சத்தத்தைக் கேட்கவும் எடையைத் தூக்கிப் பார்க்கவும் ஷோரூமைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆலோசனை கேட்க வேண்டாம்.

எந்த மாடல் என்பதைத் தள்ளுபடி தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுவது உத்தமம். ஆடியிலும் தீபாவளிக்கும் ‘இன்னும் 2 மட்டுமே உள்ளது’, ‘இந்த நிமிடம் 43 பேர் பார்க்கிறார்கள்’ என்று திரை மின்னும்போது யாருக்கும் மூன்று நட்சத்திரங்களைப் படிக்கப் பொறுமை இருக்காது. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, 2023 நவம்பரில் மத்திய அரசு தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. இருந்தாலும் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. மின்னும் திரையையோ டப்பாவுக்குள் வந்த நூறு ரூபாய் அட்டையையோ படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

இன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் வாங்கி ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆன மிக்ஸி, குக்கர், வாஷிங் மெஷின் ஏதாவது இருக்கும். வாங்கிய தளத்துக்குப் போய் அந்தப் பழைய மதிப்பீட்டைத் திருத்தி எழுதுங்கள். என்ன தண்ணீர், எத்தனை பேர் உள்ள வீடு, எதை அரைக்கிறீர்கள், இதுவரை என்ன பழுதானது, சரிசெய்ய எவ்வளவு ஆனது, ஸ்பேர் கிடைத்ததா. தமிழிலேயே எழுதலாம், ஐந்து வரி போதும்.